இயேசுநாதரின் சீனத்துத் தம்பி

இயேசுநாதருக்குத் தம்பி ஒருவன் இருந்தானா இல்லையா என்பதில் எங்கள் மீன்பிடி ஊரான குருநகர் இரண்டுபட்டுக் கிடந்தது, தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தை மாதத்தில். சண்டை நிறுத்தம் வந்து, சவர்க்காரமும் பற்றறியும் மறுபடி கடைகளில் தலைகாட்டிய மாதம் அது. மற்ற ஊர்ச் சனங்கள் சமாதானம் நிலைக்குமா என்று கதைத்தார்கள். நாங்கள் தம்பியைப் பற்றிக் கதைத்தோம். அந்த நெருப்பை மூட்டிவிட்டவள் நான்தான். அதில் எனக்கு இன்றைக்கும் பரம சந்தோசம்.

என் பெயர் யோசப்பின். உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிறவள். என் அண்ணை கிறகோரி எங்கள் கோயில் பங்கின் கூத்து அண்ணாவியார். கூத்துக்குப் பாட்டுக் கட்டுவது, ஆட்களைப் பழக்குவது, மேடையோரம் தாளத்தோடு நின்று நடத்துவது எல்லாம் அவர்தான். வாய் திறந்தால் பாட்டு, மூடினால் கோபம். இரண்டுக்கும் நடுவில் அவரிடம் வேறொன்றும் கிடையாது.

அந்தத் தையில் கடலும் திறந்தது. வருடக்கணக்காய்க் கரையோரத்திலேயே வலையை நனைத்துக்கொண்டிருந்தவர்கள் ஆழப்பக்கம் போய்வரத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வீடு மீன்குழம்பு வாசம். வயிறு நிறைந்தால் குருநகரானுக்கு அடுத்த யோசனை கூத்துத்தான். தவக்காலம் தொடங்க முன்னம், விபூதிப் புதனுக்கு முதல்நாள் செவ்வாயன்று, புதுக்கூத்து ஒன்று மேடையேற வேண்டும் என்று அண்ணை ஒற்றைக்காலில் நின்றார்.

"பழைய வேதசாட்சியளை எத்தினை தரம் கொல்லுறது, பிள்ளை?" என்றார் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே. "புதிசா ஒரு கதை சொல்லு. அரசன் வேணும், படை வேணும், வேதம் வேணும். கடைசியிலை ஆராவது சாகவேணும்."

நான் அப்போது பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலைப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீனத்துக் கிளர்ச்சிகள். கையில் இருந்ததையே எடுத்துச் சொன்னேன்.

"சீனத்திலை ஒரு மனுசன், அண்ணை. ஹொங் எண்டு பேர். அரசாங்கச் சோதினை எடுத்து எடுத்துப் பெயில்."

"எங்கடை பெடியள் மாதிரி."

"ஓம். கடைசியிலை காய்ச்சலிலை விழுந்து ஒரு கனவு கண்டார். பொன் தாடியோடை ஒரு பெரியவர் வந்து கையிலை வாள் குடுக்கிறார், பக்கத்திலை இன்னொருத்தர் நிக்கிறார். சில வருசத்துக்குப் பிறகு ஒரு வேதப் புத்தகம் அம்பிட்டுது. வாசிச்சவுடனை எல்லாம் விளங்கிச்சு. கனவிலை வந்தவர் பிதா. பக்கத்திலை நிண்டவர் இயேசுநாதர். அப்ப தான் ஆர்? இயேசுநாதரின்ரை தம்பி."

அண்ணையின் கையில் வலை ஊசி நின்றுவிட்டது.

"பிறகு?"

"சீன ராசாவுக்கு எதிராய்ப் படை திரட்டினார். ஏழைபாழை எல்லாம் பின்னாலை போச்சுது. நாஞ்சிங் எண்ட பெரிய நகரத்தைப் பிடிச்சு, இது விண்ணரசு எண்டு சொல்லி ஆண்டார். அபின் கூடாது, சூது கூடாது. பொம்பிளையளின்ரை காலை வரிஞ்சு கட்டிச் சின்னனாக்கிற வழக்கம் கூடாது. பொம்பிளையளுக்கும் சோதினை, பொம்பிளையளுக்கும் படை."

"கடைசி?"

"வெள்ளைக்காரன் சீன ராசாவோடை சேந்து அடிச்சான். விண்ணரசு போச்சு."

அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "வெள்ளைக்காரன் வேதக்காரன் எல்லே? அவன் ஏன் வேதக்காரனை அடிச்சவன்?"

"யாவாரம், அண்ணை. அபின் வித்துக் கொழுத்தவனுக்கு, அபின் வேண்டாமெண்ட ராசாவை எப்பிடிப் பிடிக்கும்?"

அண்ணை வலையை ஒரு பக்கம் எறிந்துவிட்டு எழும்பினார். அன்று பின்னேரத்துக்குள் நாலு பாட்டு முடிந்துவிட்டது. ஹொங் என்ற பெயர் மத்தளத்தில் சரியாய் விழவில்லை என்று அவனை விண்ணரசன் ஆக்கினார். பெண்கள் படைக்குத் தலைவி செண்பகவல்லி. சீனத்தில் செண்பகவல்லி எப்படி வந்தாள் என்று நான் கேட்கவில்லை. ஏனென்றால் அவளுடைய பாட்டை நானே கட்டிக்கொண்டிருந்தேன்.

இதை நேரே சொல்லிவிடுகிறேன். அறிவு தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசை, கூத்து மேடையில் ஏறிப் பாடவேண்டும். எங்கள் பங்கில் ஆடிய எல்லாக் கூத்தும் எனக்கு மனப்பாடம். ராணி, கன்னி, கைம்பெண் எல்லாரையும் அடுப்படியில் வைத்துப் பாடி முடித்துவிட்டேன். ஆனால் எங்கள் மேடையில் பெண் ஏறக்கூடாது. பெண் வேசமெல்லாம் ஆண்களுக்குத்தான். குறிப்பாய்ச் சொன்னால், எல்லாம் சந்தியோகு அண்ணைக்குத்தான்.

சந்தியோகு அண்ணைக்கு நங்கூரம் தூக்கின தோள். ஆனால் சேலை கட்டி, தலை குனிந்து மேடைக்கு வந்தால் பெண்களே பொறாமைப்படுவார்கள். முப்பது வருசமாய் அவர்தான் ராணி. ஒவ்வொரு கூத்துக்கும் முதல்நாள் மீசையை வழித்துவிடுவார். அது திரும்ப வளர்ந்து ஆளாகும்போது அடுத்த கூத்து வந்துவிடும். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று ஊர் அவரைப் பகிடி பண்ணும். நடுவில் சண்டையால் சில வருசம் கூத்தில்லாமல் போனதில் அந்த மீசை செழித்து, முனை முறுக்கி, பார்க்க அழகாய் இருந்தது. சண்டையால் நன்மை கண்ட ஒரே பொருள் குருநகரில் அந்த மீசைதான்.

"அண்ணை, செண்பகவல்லியை நான் பாடுறன்," என்று கேட்டேன்.

"உனக்கென்ன விசரே? பொம்பிளை ஏறினா மேடை சரியும்."

"மேடை சரிஞ்சா அது பலகையிலை பிழை."

"சந்தியோகு பாடுவான். நீ அவனுக்குப் பாட்டைச் சொல்லிக் குடு."

சொல்லிக் கொடுத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு. சந்தியோகு அண்ணை நான் பாடுவதைக் கேட்டுவிட்டு மீசையை நீவினார். "தங்கச்சி, நீ பாடினால்தான் இது பாட்டு. நான் பாடினால் சங்கு ஊதின மாதிரி இருக்கு," என்றார். எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்குப் போய் மீனை ஓங்கி ஓங்கி வெட்டினேன்.

இதற்கிடையில் விண்ணரசனின் வரவுப் பாட்டு ஊருக்குள் கசிந்துவிட்டது. ஐஸ் பெட்டிக்குள் மீன் அடுக்குகிற சிமியோன்தான் விண்ணரசன். குரல் நல்ல குரல், ஆனால் இரகசியம் தங்காத வாய். மீன் அடுக்கிக்கொண்டே, "பிதாவுக்கு இளைய மைந்தன் நானே, இயேசு பிரானுக்குத் தம்பியாய் வந்தேனே" என்று சந்தைக்குக் கேட்கப் பாடிவிட்டான்.

லூர்த்தம்மாக்காவின் காதில் விழுந்தது. அவர் மாதா சபையின் தலைவி. கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. மழைக்குப் பிடித்ததை நான் கண்டதில்லை, ஆட்களை நோக்கி நீட்டத்தான் அது.

"மாதாவுக்கு ஒரே பிள்ளை!" என்று சந்தையிலேயே முழங்கினார். "தம்பியெண்டு ஒருத்தன் வந்தால் அவனை ஆர் பெத்தது? எங்கடை கடலட்டையை வேண்டித் தின்னுற சீனன்ரை கதையைக் கேட்டு, மாதாவுக்குக் கணக்கிலை இல்லாத பிள்ளை சேக்கிறியளோ?"

அன்றிலிருந்து ஊர் இரண்டு. கூத்துத்தானே, அந்தச் சீனனுக்கு விசர், அவன் சொன்னால் சொல்லட்டும் என்பது ஒரு பக்கம். மேடையில் சொன்னால் சொன்னதுதான் என்பது மறு பக்கம். சிமியோனின் மனுசி மறு பக்கம். ஆகவே விண்ணரசனுக்கு வீட்டில் வெறும் புட்டு, குழம்பு இல்லை.

பங்குக் குருவான செபநாயகம் சுவாமி எல்லாரையும் தான் தங்கும் அறைவீட்டு விறாந்தைக்கு அழைத்தார். சுவாமி தோற்றத்துக்குக் கடுமையானவர். ஆனால் பாட்டுக் கேட்டால் செருப்புக்குள் கால் பெருவிரல் தாளம் போடும். அண்ணை பாட்டை முழுதாய்ப் பாடிக் காட்டினார். நான் சுவாமியின் முகத்தைப் பார்க்கவில்லை, பெருவிரலைத்தான் பார்த்தேன். அது ஆடிக்கொண்டிருந்தது.

"பொய்யனை மேடையிலை காட்டலாம்," என்றார் சுவாமி. "ஆனால் சொன்ன பொய்யைச் சொன்ன கையோடை மறுக்கவேணும். அவன் பாடி முடிஞ்சதும் ஒரு சம்மனசு வானத்திலையிருந்து வந்து, அப்பிடியில்லை எண்டு மறுத்துப் பாடட்டும்."

"அது நல்ல யோசினை," என்றார் லூர்த்தம்மாக்கா. குடை தரைக்கு இறங்கியது.

அண்ணை தலையைச் சொறிந்தார். "குரல் உள்ளவை எல்லாருக்கும் வேசம் குடுத்தாச்சு, சுவாமி. சம்மனசுக்கு ஆளுக்கு எங்கை போவன்?"

தேவதூதர் வேசத்துக்கு ஆள் இல்லை! அடக்க ஒடுக்கமாய்க் கேட்டேன். "சுவாமி, சம்மனசு ஆணோ, பெண்ணோ?"

சுவாமிக்கு ஞானோபதேசம் என்றால் வாய் தானாகத் திறக்கும். "சம்மனசுகள் அரூபிகள். உடல் இல்லாதவை. ஆணுமில்லை, பெண்ணுமில்லை."

"அப்ப நான் சம்மனசு."

அண்ணை வாயைத் திறந்தார், பாட்டும் வரவில்லை, கோபமும் வரவில்லை. லூர்த்தம்மாக்கா சுவாமியைப் பார்த்தார். சுவாமி கூரையைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"வேதத்திலை பிழை இல்லை, அண்ணாவியார்," என்றார். "இறக்கையைக் கட்டிவிடும்."

வீட்டுக்கு நான் நடந்து போகவில்லை, மிதந்து போனேன். இரண்டே இரண்டு வரிப் பாட்டு. இருக்கட்டுமே! மேடை மேடைதான். ஆனாலும் செண்பகவல்லி என் நெஞ்சில் முள்ளாய்க் குத்திக்கொண்டுதான் இருந்தாள். அவளைச் சுமந்தவள் நான், ஆடப்போவது இன்னொருவர்.

மண்ணெண்ணெயை வள்ளத்துக்கு ஊற்றுவதா மேடைப் பெற்றோமாக்சு விளக்குக்கு ஊற்றுவதா என்று வந்தபோது வள்ளம் வென்றது. ஆகவே எங்கள் ஊர் வரலாற்றில் முதல்முறையாகக் கூத்து பட்டப்பகலில். நைலோன் நூலை முறுக்கி, சீன ராசாவின் படைக்கு நீளமான பின்னல் நான் செய்தேன். கிளர்ச்சிக்காரருக்குப் பின்னல் இல்லை, விரித்த தலை. அதுதான் சீனத்திலும் அவர்களுக்கு அடையாளம். பனையோலைத் தொப்பியும் பின்னலும் வைத்து எங்கள் ஆட்கள் வரிசையில் நின்றபோது, சீனத்து அரச படையே குருநகர் மீன்வாடிக்குள் இறங்கியது போல் இருந்தது.

செவ்வாய் விடிய, சந்தியோகு அண்ணை தன் வள்ளத்தில் கடலுக்குப் போய்விட்டார். பெண் படைவீரராய் வேசம் கட்டவேண்டிய நாலு பேரும் அவருடைய வள்ளத்து ஆட்கள்தான். அவர்களும் போய்விட்டார்கள்.

"மத்தியானத்துக்கு முன்னம் கரைக்கு வந்திடுவன் எண்டவன்," என்று அண்ணை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மத்தியானம் வந்தது, வள்ளம் வரவில்லை. சனம் பாயும் சாக்கும் விரித்து நிறைந்துவிட்டது. மாதா சபைப் பெண்கள் வெள்ளைச் சேலையும் நீல நாடாவும் அணிந்து, முன்வரிசையில் அணியாய் இருந்தார்கள். மாதாவின் மானத்துக்குக் காவல்.

"தொடங்குவம். அவன்ரை காட்சி பிறகுதானே," என்றார் அண்ணை. மத்தளம் முழங்கியது.

சிமியோன் வாளோடு வந்து, பிதாவுக்கு இளைய மைந்தன் நானே என்று பாடினான். முன்வரிசையில் குடை எழும்பியது. அதற்குள் நான் மேடைக்குத் தாவினேன். முதுகில் மூங்கிலும் பழைய திரைச்சீலையும் சேர்த்துக் கட்டிய இறக்கை.

"ஒரே மகன் ஒரே மகன் அறிவாய் ராசா – கன்னி
ஒருத்திக்கு வேறு பிள்ளை ஏது ராசா?"

சனம் ஆர்ப்பரித்தது. லூர்த்தம்மாக்கா, "இன்னொருக்காப் பாடு!" என்று கத்தினார். பாடினேன். மேடையும் சரியவில்லை.

இனி நான் இறங்கவேண்டும், செண்பகவல்லி ஏறவேண்டும். பிற்பாட்டுக்காரர் அவளுடைய வரவுத் தாளத்தைத் தொடங்கினார்கள். அண்ணை கடல் பக்கம் பார்த்தார். வெறும் தண்ணீர். தாளம் ஒரு சுற்று வந்தது. மறு சுற்றும் வந்தது. அண்ணையின் நெற்றியில் வேர்வை வழிந்தது.

"இறங்காதை," என்று மேடையோரம் நின்று சீறினார். "நில். நீயே பாடு."

"நான் சம்மனசு, அண்ணை. சம்மனசு எப்பிடிப் படை நடத்துறது?"

"அதிதூதர் மிக்கேல் நடத்தேல்லையோ?"

"இப்பத்தானே விண்ணரசனைப் பொய்யனெண்டு பாடினனான்! அதே சம்மனசு அவன்ரை படைக்குத் தலைவியோ? சனம் சிரிக்கும்."

தாளம் மூன்றாம் சுற்றுக்கு வந்தது. சனம் முணுமுணுக்கத் தொடங்கியது.

நான் கையைப் பின்னால் விட்டு இறக்கையின் முடிச்சை அவிழ்த்தேன். கழற்றி, விண்ணரசனாகிய சிமியோனின் கையில் கொடுத்தேன். அவன் பேந்தப் பேந்த விழித்தான். அவனுடைய வாளை வாங்கிக்கொண்டேன். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகினேன்.

ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல் நின்ற சம்மனசு போய்விட்டது. இப்போது மேடையில் நிற்பது யோசப்பின், ஒரு பொம்பிளை, எல்லாருக்கும் தெரிந்தவள். சுவாமியின் அனுமதி இறக்கையோடு சிமியோனின் கையில் இருந்தது. நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் தாளத்தை நிறுத்தினால் எல்லாம் முடிந்தது. அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் என்னைப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு தாளத்தை ஓங்கித் தட்டி, எழுதாத ஒரு வரவுப் பாட்டை எடுத்தார்.

"வந்தாளே செண்பக வல்லி வந்தாளே – வழி
தந்தாலும் தராவிட்டாலும் வெல்ல வந்தாளே!"

அழக்கூடாது என்று பாடினேன்.

"கட்டிய காலை அவிழ்த்தோமே கண்டீரோ – எங்கள்
கைகளில் வாளெடுத்தோமே கண்டீரோ
அடுப்படி மட்டும் உலகென்று சொன்னவர்
அணிவகுத் தெம்மெதிர் நிற்பீரோ?"

பாட்டு முடிந்தபோதுதான் எனக்கு உறைத்தது. தலைவி இருக்கிறாள், படை எங்கே? நாலு பேரும் கடலில். மேடையில் நான் ஒருத்தி, எதிரே பின்னலோடு பன்னிரண்டு சீனர்.

முன்வரிசையில் குடை எழும்பியது. "தனியா ஒரு பொம்பிளையை விட்டிட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறதோ?" என்றார் லூர்த்தம்மாக்கா. "எழும்புங்கோடி!"

மாதா சபை எழும்பியது. வெள்ளைச் சேலை, நீல நாடா, ஒரே சீருடை. எந்த அண்ணாவியாரும் அப்படி ஒரு படைக்கு உடுப்புத் தைத்திருக்கமாட்டார். பலகை கிரீச்சிட அவர்கள் மேடையேறியபோது சனம் எழுந்து நின்று கத்தியது. நான் சுவாமியைத் திரும்பிப் பார்த்தேன். முகம் கடுமையாய்த்தான் இருந்தது. பெருவிரல் மட்டும் செருப்பையே கழற்றிவிட்டு ஆடியது.

கதைப்படி கடைசியில் வெள்ளைக்காரன் பீரங்கியோடு வர, நாங்கள் எல்லாரும் சாகவேண்டும். தொப்பி போட்ட வெள்ளைக்காரன் வந்தான். லூர்த்தம்மாக்கா குடையை நீட்டினார். "அபின் வித்தவனோ நீ?" என்று கேட்டார். அந்த வரி கூத்தில் இல்லை. வெள்ளைக்காரன் ஓடினான்.

"சாகுங்கோ, லூர்த்தம்மாக்கா," என்று அண்ணை கெஞ்சினார். "கதை அப்பிடித்தான்."

"நாங்கள் ஏன் சாகவேணும்? நல்லாத்தானே இருக்கிறம்."

வரலாறு படிப்பிக்கிறவளுக்கு இது வலிக்கத்தான் வேண்டும். நாஞ்சிங் விழுந்தது ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து நாலில். குருநகரில் அன்றைக்கு விழவில்லை. விண்ணரசு வென்றது, சிமியோன் தான் தம்பியல்ல, சோதினையில் தவறிய வெறும் மனுசன் என்று ஒத்துக்கொண்டு மாதாவை வணங்கினான், மங்களம் பாடினோம்.

சனம் கலையும்போதுதான் கவனித்தேன். கூட்டத்தின் ஓரத்தில், இடுப்புச் சாரம் நனைய, கூடை நிறையப் பாரை மீனோடு சந்தியோகு அண்ணை நின்றார்.

அண்ணை பாய்ந்து போனார். "உனக்கு அறிவிருக்கோ? எவ்வளவு நேரம் பாத்தம்!"

"பாரை பட்டிட்டுது, அண்ணாவியார். விட்டிட்டு வரேலுமே?"

பாரையைப் பார்த்ததும் அண்ணையின் கோபம் பாதியாகி, மத்தளத்தைக் கட்டப் போய்விட்டார். நான் சந்தியோகு அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். மீசை அப்படியே இருந்தது, முறுக்கு முனையோடு.

"சந்தியோகு அண்ணை," என்றேன். "நீங்கள் முதல்நாளே வழிக்கிறனீங்கள் எல்லே."

அவர் மீசையை நீவினார். "பாரை விடியவே பட்டிட்டுது, தங்கச்சி. பிறகு எதிரை மண்டைதீவுப் பக்கம் மறைவிலை வள்ளத்தை விட்டிட்டுச் சும்மா இருந்தனாங்கள். மத்தளம் நல்லாக் கேட்டுது. உன்ரை பாட்டும் கேட்டுது."

நான் அவருடைய கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு உதவி செய்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "முப்பது வருசமா ராணியாவே செத்துக்கொண்டிருக்கிறன். ஒருக்கா ராசாவாய், மீசையோடை சாகவேணும். உன்ரை அண்ணையிட்டைக் கேக்க எனக்கு வெக்கம்."

நான் சிமியோனிடமிருந்து இறக்கையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அண்ணையிடம் நேரே போனேன்.

"அடுத்த கூத்துக்குச் சந்தியோகு அண்ணைதான் ராசா."

"ஆர், உவனோ?" என்றார் அண்ணை. "உதை ஆர் முடிவெடுத்தது?"

"படைத்தலைவி," என்றேன்.